பக்கத்தில் உட்கார்ந்த உடல்: வழிபாடும் விலங்குகளின் ஈகையும்

வேளாங்கண்ணிப் பேராலயத்திலிருந்து மாதா குளத்துக்குப் போகும் மணல் பாதையில் எந்த மாதத்திலும் யாராவது முழங்காலால் நகர்ந்துகொண்டிருப்பார்கள். ஆகஸ்ட் 29இல் கொடி ஏறிவிட்டால் செப்டம்பர் 8 வரை அந்தப் பாதையில் இடம் கிடைப்பதே பாடு. ஒருவர் முழங்காலில் நகர, அண்ணனோ மகளோ கைத்தாங்கலாகக் கூட நடந்து வருவார்கள். காவி உடுத்திச் சென்னையிலிருந்து நடந்தே வந்தவர்கள், மொட்டை போட்டுக் கடலில் முழுகி எழுந்தவர்கள், ஆள் உயர மெழுகுவர்த்தி ஏந்தியவர்கள், குணமான கால், கண், இதயம் என்று வெள்ளியில் உருச்செய்து காணிக்கை வைப்பவர்கள் என எல்லாரும் அங்கே உண்டு. வாய் வேண்டுவதைவிட உடம்பு வேண்டுவதே அதிகம்.

இந்தக் காட்சியைப் பார்த்து இரு தரப்பார் ஐயப்படுகிறார்கள். முதல் தரப்பு கிறிஸ்தவத்துக்கு உள்ளேயே இருக்கிறது. கடவுள் ஆவியானவர், அவரைத் தொழ முழங்கால் தோல் உரிய வேண்டியதில்லை, இது பழைய நேர்த்திக்கடனின் எச்சம் என்பது அவர்கள் வாதம். இரண்டாம் தரப்பு உயிரியலிலிருந்து வருகிறது. அது கைத்தாங்கலாக வரும் அண்ணனைப் பார்க்கிறது. தம்பிக்காக அவன் படும் பாடு அன்பு அல்ல, இருவருக்கும் பொதுவான மரபணு தன்னைக் காத்துக்கொள்ளும் வழி என்கிறது. முன்னது பக்தியில் உடல் கலந்திருப்பதைக் குறையாகக் காண்கிறது. பின்னது அன்பில் உடல் கலந்திருப்பதைக் காட்டி அன்பே இல்லை என்கிறது. உடல் கலந்தால் தூய்மை போச்சு என்ற ஒரே எண்ணம்தான் இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. அது தவறான எண்ணம் என்பது என் முடிவு. எதனால் என்று சொல்ல, தேவாலயத்துக்குள்ளும் குளவிக் கூட்டுக்குள்ளும் மாறி மாறிப் போய்வர வேண்டியிருக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு உடல் பற்றிய குழப்பம் மொழிபெயர்ப்பிலேயே தொடங்கிவிட்டது. பவுல் எழுதிய கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் வருகின்றன. சோமா என்பது உடல். அதைத் தூய ஆவியின் ஆலயம் என்றும், உயிருள்ள பலியாகக் கடவுளுக்குப் படைக்கத் தக்கது என்றும் அவர் உயர்த்திப் பேசுகிறார். சார்க்ஸ் என்பது கடவுளை விட்டு விலகித் தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும் மனிதப் போக்கு. அதன் செயல்கள் என்று அவர் அடுக்குகிறவற்றில் பகைமை, பொறாமை, பிரிவினை போன்றவையும் உண்டு. இவை உடம்பின் குற்றங்களே அல்ல. பழைய தமிழ் வேதாகமம் முதற்சொல்லைச் 'சரீரம்' என்றும் மற்றதை 'மாம்சம்' என்றும் பெயர்த்தது. மாம்சம் என்றால் நம் காதுக்கு இறைச்சி. தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கத்தில் 'மாம்சம்' என்ற சொல்லைப் பாவத்தோடு சேர்த்தே கேட்டவர்கள், உடம்பே பாவக் கூடு என்று நம்பியதில் வியப்பில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அதை 'ஊனியல்பு' என்று மாற்றியது. நல்ல முயற்சிதான். ஆனாலும் ஊன் போகவில்லை.

தொடக்க காலத் திருச்சபை உடலை இப்படிப் பார்க்கவில்லை. உடலை இழிவென்றும் ஆன்மாவின் சிறையென்றும் சொன்ன ஞானவாதக் குழுக்களோடுதான் அது சண்டையே போட்டது. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், மீட்பு சுழலும் கீலே உடல்தான் என்று வாதிட்டார். திருமுழுக்கில் நனைவது உடல், எண்ணெய் பூசப்படுவது உடல், அப்பமும் இரசமும் உண்பது உடல்; உடலைத் தொடாமல் ஆன்மாவைத் தொட அருட்சாதனத்துக்கு வேறு வழி ஏது என்பது அவர் கேள்வி. 325இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் தன் இருபதாம் விதியில், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாஸ்கா காலத்திலும் முழந்தாளிடாமல் நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. முழந்தாள் தவத்தின் நிலை, நிற்பது உயிர்த்தெழுதலின் நிலை. முழங்கால் மடங்குவதா நிமிர்வதா என்று விதி எழுதும் அளவுக்கு உடல் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது.

வேளாங்கண்ணியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பால் கொண்டுபோன சிறுவன், மோர் விற்ற கால் ஊனமான சிறுவன், புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஆகிய மூன்று கதைகளின் மேல் நிற்கும் தலம் அது. 1771இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனிப் பங்கானது. 1962இல் பேராலயத் தகுதி பெற்றது. பசி, ஊனம், மூழ்கும் அச்சம் என்று மூன்று கதைகளுமே உடலின் துன்பத்தைப் பற்றியவை. அங்கே வருகிறவர்கள் உடலோடு வருவது அந்தக் கதைகளுக்கு உண்மையாக இருப்பதுதான்.

அங்கிருந்து வடக்கே கடற்கரையோரமாக ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாகப் பேருந்தில் போனால் தரங்கம்பாடி. 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது, இப்போது மயிலாடுதுறை மாவட்டம். 1706 ஜூலை 9இல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே இறங்கினார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அங்கே காதுதான் தலைமை உறுப்பு. சொல்லைக் கேட்பது, வாசிப்பது, பாடுவது, வினாவிடை ஒப்பிப்பது ஆகியவையே வழிபாடு. கண்ணும் முழங்காலும் மூக்கும் பின்னுக்குப் போயின. இதை உடல் மறுப்பு என்று சொல்லிவிட முடியாது. ஏட்டைத் தொடவே அனுமதி இல்லாதிருந்த பிள்ளைகள் பள்ளியில் எழுத்துக் கூட்டியதும் உடல் சார்ந்த புரட்சிதான். வரிசையாக உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்து வைப்பதும் ஒரு தொழுகை நிலையே.

உடலின் மொழி ஊருக்கு ஊர் மாறும் என்பதைக் கத்தோலிக்க ரோமாபுரி எழுத்தில் ஒப்புக்கொள்ள 1969 ஆயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து இந்தியத் திருவழிபாட்டுக்குப் பன்னிரண்டு தழுவல்களுக்கு அந்த ஆண்டு இசைவு கிடைத்தது. செருப்பைக் கழற்றித் தரையில் உட்காரலாம், ஒற்றை முழந்தாள் மடக்குவதற்குப் பதில் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம், ஐந்து உறுப்பும் நிலம் தொட விழுந்து கும்பிடலாம், முத்தமிட வேண்டிய பொருளை விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், குத்துவிளக்கு ஏற்றலாம், ஆரத்தி எடுக்கலாம். இதைப் படித்த தஞ்சை வட்டாரத்துப் பாட்டி யாரும் இதில் புதிதாக எதையும் கண்டிருக்க மாட்டார். வாசலில் செருப்பை விட்டு, முக்காடு இட்டு, தரையில் உட்கார்ந்து, சுரூபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை அவர் எப்போதோ செய்துவந்தார். 2024 ஆகஸ்ட் மாதம் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் தஞ்சை ஆயருக்கு அனுப்பிய கடிதமும் இதே வழியில்தான் வந்தது. கிறிஸ்தவர் அல்லாதோர் இலட்சக்கணக்கில் வேளாங்கண்ணி வந்து தொழுவதைச் சமயக் கலப்பு என்று தள்ளக்கூடாது என்று அது சொன்னது.

இதோடு நிறுத்திக்கொண்டால் மகிழ்ச்சியான கதை. ஆனால் தஞ்சையில் 1829இல் எழுந்த சச்சரவைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை, சரபோசி மன்னர் அவையில் மதிப்புப் பெற்ற கவிராயர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர் வேதநாயக சாஸ்திரியார். புதிதாக வந்த மிஷனரிமார் செய்யும் நான்கு கொடுமைகள் என்று சாஸ்திரியார் முறையிட்டார். வேதத்தைத் திருத்தி மொழிபெயர்க்கிறார்கள். திருமணத்திலும் பண்டிகையிலும் பூவை விலக்குகிறார்கள். தமிழ்க் கீர்த்தனையை நிறுத்துகிறார்கள். சாதிகளை வலிந்து கலக்கிறார்கள். முதல் மூன்றிலும் நான் அவர் பக்கம். பூவும் பாட்டும் இல்லாத தமிழ் வழிபாடு உயிரற்றது. அவர் போராடியிராவிட்டால் இன்று நம் தேவாலயங்களில் கீர்த்தனை கேட்டிருக்குமா என்பதே ஐயம். நான்காவதில் அவர் பிழைபட்டார். பூவையும் பாட்டையும் காக்க எழுந்த அதே எழுத்தாணி, வெள்ளாளர் ஒருபுறமும் பறையர் என்று ஒதுக்கப்பட்டோர் மறுபுறமும் உட்காரும் வழக்கத்தையும் காத்து நின்றது. எல்லாமே தமிழ் உடம்பின் வழக்கம் என்று ஒரே முடிச்சில் கட்டிவிட்டார்.

1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், இருக்கையிலும் நற்கருணையிலும் சாதி பார்ப்பது ஒழிய வேண்டும் என்று கடிதம் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பல குடும்பங்கள் சபையை விட்டே போயின. பின்னால் லைப்சிக் மிஷன் வந்தபோது அவர்களில் பலர் அங்கே இடம் தேடிக்கொண்டார்கள். கத்தோலிக்கர் தரப்பும் குறைந்ததில்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் இரு சாதியார் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தைப் பார்க்கும்படி கோவிலே இரண்டு கிளையாகக் கட்டப்பட்டது. பிரித்த சுவர் விழ இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. ஆன்மாவில் எல்லாரும் சமம் என்பதை மறுத்தவர் அன்று யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார மட்டும் மறுத்தார்கள். உடல் வெறும் வெளிவேடம் என்றால் இவ்வளவு சண்டை எதற்கு?

இருக்கைக்கும் விலங்குகளுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். அதற்கு முன் விலங்குகளைப் பற்றி நாமும் கிறிஸ்தவ மரபும் சொல்லிவந்த சில அழகான தவறுகளைத் தள்ளிவைக்க வேண்டும். ஐரோப்பியத் தேவாலயங்களில் கூழைக்கடா கிறிஸ்துவின் அடையாளம். தன் மார்பைக் கொத்தி இரத்தத்தால் குஞ்சுக்கு ஊட்டுவதாகப் பழங்கதை. வடுவூரிலோ கோடியக்கரையிலோ கூழைக்கடாவை உற்றுப் பார்த்தவருக்கு உண்மை தெரியும். அது அலகை மார்பில் அழுத்துவது பையில் உள்ள மீனைக் கக்கத்தான். நமக்குக் காக்கை. உணவு கண்டால் இனத்தை அழைத்து உண்ணும் பண்புக்கு வள்ளுவரே அதைச் சான்றாக்கினார். 1980களில் அமெரிக்காவின் மெய்ன் காட்டில் பெர்ன்ட் ஹைன்ரிச் காக்கையின் பெரிய உறவினமான வடநாட்டு அண்டங்காக்கைகளை ஆராய்ந்தார். இளம் பறவைகள் கூவி அழைப்பது ஈகையால் மட்டுமல்ல, இரையைக் காத்து நிற்கும் முதிர்ந்த இணையைத் தனியாக எதிர்க்க முடியாததாலும்தான் என்று கண்டார். கூட்டம் சேர்ந்தால் அழைத்தவருக்கும் சோறு கிடைக்கும். குயில் குஞ்சைக் காக்கை வளர்ப்பதையும் தியாகம் என்று சொல்ல முடியாது. ஏமாறுவது ஈகை ஆகாது.

இவற்றைக் கழித்தாலும் மிஞ்சுவது மலைப்பானது. தான் முட்டையிடாமல் கூட்டுக்காக உழைத்துச் சாகும் வேலைக்கார எறும்பு தன் கொள்கையையே சாய்த்துவிடுமோ என்று டார்வின் 1859லேயே கவலைப்பட்டார். விடைக்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பிரிட்டனை விட்டு 1957இல் கல்கத்தா வந்து இந்தியக் குடிமகனான உயிரியலாளர் ஹால்டேன், இரண்டு உடன்பிறந்தாருக்காகவோ எட்டுச் சிற்றப்பா பெரியப்பா பிள்ளைகளுக்காகவோ உயிரை விடுவேன் என்று சொன்னதாகக் கூறுவார்கள். உறவில் பாதி, எட்டில் ஒன்று என்ற மரபணுக் கணக்கு அது. அவர் புவனேசுவரத்தில் இறந்த 1964ஆம் ஆண்டிலேயே டபிள்யூ.டி. ஹாமில்டன் அதைச் சூத்திரமாக்கினார். உதவியால் பெறுபவர் அடையும் நன்மையை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால் அது கொடுப்பவரின் இழப்பை மிஞ்ச வேண்டும். மிஞ்சினால் அந்தக் குணம் தலைமுறைகளில் நிலைக்கும்.

ஆனால் உறவு மட்டும் போதாது என்பதை மெய்ப்பித்த ஆய்வுகளில் ஒன்று நம் ஓட்டு இறவாணத்தில் கூடு கட்டும் குளவியைப் பற்றியது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்னும் குளவியைக் கவனித்தார். அதில் வேலைக்காரி தனியே போய்க் கூடு கட்டி முட்டையிடத் தகுதி உள்ளவள். பெரும்பாலும் போவதில்லை. வேறொருத்தியின் பிள்ளைகளுக்கு இரை கொண்டுவருகிறாள். இராணி பலரோடு இணைவதாலும் அடிக்கடி மாறுவதாலும் கூட்டில் உறவு நெருக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தனியே போனவள் பிள்ளைகள் வளரும் முன் செத்தால் எல்லாம் வீண். கூட்டில் உழைத்து இடையில் செத்தாலோ மற்றவர்கள் அந்தப் பிள்ளைகளை வளர்த்து முடிப்பார்கள். கடக்கரின் விளக்கத்தில் முதன்மை பெறுவது இந்த உறுதிதான். தான் பாதியில் விட்டதைப் பிறர் முடிப்பார்கள் என்றால் பிறர் பிள்ளைக்காக உழைப்பது வீணாகாது.

அடுத்து, கொல்லையில் ஏழெட்டாய்க் கூடிக் கீச்சிடும் தவிட்டுக்குருவி. கூட்டத்தில் ஒன்று உயரக் கிளையில் காவல் இருக்க மற்றவை தரையில் மேயும். குஞ்சுகளுக்குப் பெற்றோர் அல்லாதவையும் ஊட்டும். அதன் அரேபிய உறவினத்தை ஆராய்ந்த அமோட்ஸ் சஹாவி புதுமையான விளக்கம் தந்தார். காவல் நிற்பதும் ஊட்டுவதும் 'இவ்வளவு செலவு செய்ய எனக்குத் தெம்பு உண்டு' என்று தன் தரத்தை அறிவிக்கும் வழி. செலவு பெரிதாக இருப்பதால்தான் அறிவிப்பு நம்பத் தக்கது.

முழங்காலும் குருவியும் இங்கேதான் சந்திக்கின்றன. வருத்தும் வழிபாடும் அப்படிப்பட்ட அறிவிப்பா என்று மானிடவியலார் சோதித்தார்கள். மொரீசியசில் தைப்பூசக் காவடி எடுத்த தமிழரிடம் டிமிட்ரிஸ் சைகலாட்டாஸ் குழு நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள், வெறுமனே பிரார்த்தனையில் கலந்துகொண்டவர்களைவிடக் கோவிலுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். காவடியின் பக்கத்தில் நடந்து வந்தவர்கள் கொடுத்ததும் குறைவில்லை. எலினார் பவர் நம் மாநிலத்தின் தென்பகுதியில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் வாழும் இரண்டு சிற்றூர்களில் தங்கி ஆராய்ந்து 2017இல் எழுதினார். தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்களையும் தீமிதி, அலகு போன்ற பெரும் நேர்த்தி செய்கிறவர்களையும் ஊரார் நல்லவர், கொடையாளர் என்று மதிக்கிறார்கள். கடன், கைமாற்று, ஆள் உதவி என்று ஒருவருக்கொருவர் துணை நிற்கும் உறவுகளும் அவர்களுக்குக் கூடுதல். ஆக, உடலால் தொழுவது வெற்றுச் சடங்கு என்ற முதல் தரப்பின் வாதம் இங்கே நிற்கவில்லை. உடல் படும் பாட்டை ஊர் படிக்கிறது, படித்து நம்புகிறது. அப்படியானால் பக்தி வெறும் விளம்பரமா? இல்லை. ஊர் நம்புகிறது என்பதற்காக நம்பப்படுபவரின் உள்ளம் பொய்யாகிவிடாது. தாய்ப்பால் எந்தச் சுரப்பியில் ஊறுகிறது என்று தெரிந்துகொண்ட பின்னும் அது தாய்ப்பால்தான்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது எலிகளின் சோதனை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் இன்பால் பென்-அமி பார்ட்டல் குழு 2011இல் ஒரு எலியைச் சிறு குழாயில் அடைத்து, இன்னொன்றை வெளியே விட்டது. யாரும் பழக்காமலேயே வெளியே இருந்த எலி கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டு தோழனை விடுவித்தது. பக்கத்தில் சாக்லேட் வைத்தாலும் பல எலிகள் விடுவித்துவிட்டுப் பங்கிட்டுத் தின்றன. 2014இல் வந்த அடுத்த ஆய்வில் வெள்ளை எலிகள் முன்பின் தெரியாத வெள்ளை எலியை விடுவித்தன. தலையும் தோளும் கறுத்த இன்னொரு வகை எலி அந்நியமாக இருந்தால் விட்டுவிட்டன. ஆனால் கறுப்புத்தலை எலி ஒன்றோடு சில வாரம் ஒரே கூண்டில் வாழ்ந்த வெள்ளை எலி, அந்த வகையைச் சேர்ந்த அந்நியரையும் விடுவித்தது. பிறந்தது முதல் கறுப்புத்தலை எலிகளோடு வளர்ந்த வெள்ளை எலியோ தன் நிறத்து அந்நியரைக் கண்டுகொள்ளவில்லை. தன் இனம் எது என்பதை அதற்குச் சொன்னது இரத்தம் அல்ல. பக்கத்தில் படுத்துறங்கிய உடல்.

எலியிலிருந்து மனிதருக்கு நேரே பாலம் போடக் கூடாது என்பது தெரியும். இருந்தாலும் 1829இல் தஞ்சையில் எதன்மேல் சண்டை நடந்தது என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுதாக விளங்கியது. யார் பக்கத்தில் உட்காருகிறோம், யார் வாய் வைத்த கிண்ணத்தில் வாய் வைக்கிறோம் என்பதிலிருந்தே யாருக்காகக் கதவைத் திறப்போம் என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. 'சகோதரரே' என்று நூறு பிரசங்கம் சொல்வதைத் தள்ளி உட்காரும் ஓர் அடி இடைவெளி அழித்துவிடும். அந்த இடைவெளிக்காகப் போராடியவர்களுக்கும் இது உள்ளூரத் தெரிந்திருந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகளும் கடை போட்டிருந்தவர்களும் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். அந்த நாட்களில் பெயர் தெரியாத உடலை அந்நியர் தூக்கினார்கள். நாகூர் தர்கா அடக்கம் செய்ய இடம் தந்தது. கோவில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாவற்றிலும் அடுப்பு எரிந்தது. சூத்திரம் எதற்கும் அடங்காத உதவி அது. சில வாரங்களுக்குள் நிவாரண முகாம்கள் சிலவற்றில் சாதி பார்த்து ஒதுக்கியதும், குடிநீரிலும் கழிப்பிடத்திலும் வேறுபாடு காட்டியதும் பதிவாயின. இரண்டும் ஒரே மக்கள் செய்தவை. அலை வந்தபோது உடம்பு கை நீட்டியது. அலை வடிந்ததும் அதே உடம்பு, தான் கற்ற இடைவெளியை நினைவுபடுத்திக்கொண்டது.

மணல் பாதையில் முழங்காலால் போகிறவரை விட்டுவிடுங்கள். அவர் யாருக்கும் இடையூறு செய்யவில்லை. அந்தப் பாதையில் இந்துவும் இஸ்லாமியரும் எந்தச் சாதிக்காரரும் தோளுரசிப் போகிறார்கள். கிறிஸ்தவ வழிபாட்டில் உடல் சரியாகப் படித்த பாடம் அது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கல்லறைகள் சிலவற்றில் தலித் கிறிஸ்தவரின் உடலைத் தனியே பிரிக்கும் சுவர் எழுப்பப்பட்டது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவர் அப்படிப்பட்டது. ஆண்டுக்கணக்கில் போராட்டமும் வழக்கும் கண்டது. உயிர்த்தெழும் என்று நாம் நம்பும் உடலைப் புதைக்கும் நிலத்தில் அது எழுந்தது. உங்கள் பங்கில், உங்கள் சேகரத்தில் அப்படி ஒரு சுவரோ, வேலியோ, எழுதாத எல்லையோ இருந்தால், அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று அதை இடிக்கச் சொல்லுங்கள்.